சொற்பகுப்பியும் மடைமாற்றமும்

(நம் சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டுவிழா மேடையில் இலக்கியம் பேசுதல் நம் சங்கத்தின் மரபு. அம்மரபினின்றும் சிறிது விலகி, இவ்வாண்டு கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்துள்ளனர். ‘கணிப்பொறி’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் பின்வரிசை அன்பர் சிலர் காப்பி அருந்த எழ எண்ணுதல் கூடும். அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். நாம் பேசப்போவது பொறியைப் பற்றியதேயாயினும், நம் வீட்டுப் பொருள் ஒன்றைக் காப்பதற்காகப் பேசும் பேச்சு இது. அப்பொருள், நம் சங்கத்தின் பழைய ஆண்டு மலர்கள்.

மலர்களின் நிலை

சங்கத்தின் தொடக்ககால மலர்கள் ஈய எழுத்தால் அச்சிடப்பெற்றவை. தாள் பழுத்திருப்பினும் எழுத்து அழியவில்லை. இன்றும் எடுத்துப் படிக்கலாம். 1990-களின் நடுவில் நம் மலர்ப்பணி கணிப்பொறிக்கு மாறியது. அக்காலத்தில் தமிழுக்கென எல்லாரும் ஒருமித்து வழங்கிய குறியேற்ற முறை இருந்திலது. எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய எண்களில் தமிழ் எழுத்துகளை அமர்த்தினர். ஓர் எழுத்துருவில் ககரம் இருந்த எண்ணில் மற்றோர் எழுத்துருவில் மகரம் இருக்கும். 1991-இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது உண்மையே. எனினும் அது நம்மனோர் மேசைக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களை ஏற்றது; 2010-இல் யூனிகோடை ஏற்றது. இதற்கிடையே பழைய எழுத்துருக்களில் தட்டெழுதப்பெற்ற நம் மலர்க் கோப்புகள், இன்றைய கணிப்பொறியில் திறந்த அளவில், பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகவும் விந்தைக் குறிகளாகவும் காட்சியளிக்கின்றன.

இவற்றுள் 2001-ஆம் ஆண்டு மலரின் நிலையே நம்மைப் பெரிதும் கவலையுறச் செய்வது. அதன் அச்சுப்படி ஒன்றேனும் சங்க நூலகத்தில் இல்லை. உறுப்பினர் இல்லங்களிலும் இதுகாறும் கிட்டவில்லை. குறுந்தட்டு ஒன்றில் உள்ள கோப்புகளே எஞ்சியுள்ளன. இக்காலனி எழுந்த நாளில் முதன்முதல் வந்து குடியேறிய குடும்பங்கள் எவை, முதற்பொங்கல் எந்தக் குவார்ட்டர்ஸ் முற்றத்தில் பொங்கியது, சங்கத்திற்கு ஓர் அறை கேட்டு எத்துணை முறை மனுக் கொடுக்க நேர்ந்தது என்பனவற்றை நம் முதல் தலைவர் தம் முதுமையில் சொல்லச் சொல்ல, பிறர் எழுதிய கட்டுரை அதில் உள்ளது. அவர் இன்று நம்மிடையே இல்லை. அக்கட்டுரை அழியுமாயின், அவற்றை மீண்டும் கேட்டறிய வழியில்லை.

நம் இளைஞர் குழுவினர் இக்கோப்புகளை யூனிகோடாக மாற்றும் பணியை மேற்கொண்டுள்ளனர். அதற்கு அவர்கள் கைக்கொண்ட கருவி சொற்பகுப்பி என்பதாகும். அக்கருவிக்குள் கோப்பு எவ்வழியே புகுகிறது, எவ்வழியே வெளிவருகிறது, அவ்வழிகளை நம் விருப்பிற்கேற்ப எவ்வாறு மடைமாற்றுவது, மாற்றுங்கால் நேரக்கூடிய இடர்கள் யாவை என்பனவே இவ்வுரையின் பொருள்.

சொற்பகுப்பி என்பது யாது?

நாம் ஒரு வரியைப் படிக்கும்போது கண் எழுத்தெழுத்தாகக் காண்கிறது. மனமோ அவற்றைச் சேர்த்துச் சொல்லாக உணர்கிறது. கணிப்பொறிக்கு அம்மனம் இல்லை. ஆறுபோல் ஓடிவரும் குறிகளை, ‘இதுவரை ஓர் அலகு, இதற்கப்பால் வேறோர் அலகு’ எனப் பிரித்துத் தரும் நிரல் ஒன்று அதற்குத் தேவை. அந்நிரலே சொற்பகுப்பி.

இத்தகைய நிரலைக் கையால் எழுதுதல் சலிப்பூட்டும் வேலை. ஆதலின் அதனை எழுதித் தருவதற்கே ஒரு கருவியை, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மைக் லெஸ்க் என்பாரும் எரிக் ஷ்மிட் என்பாரும் ஆக்கி 1975-இல் வெளியிட்டனர். அதன் பெயர் லெக்ஸ். எரிக் ஷ்மிட் அந்நாளில் கல்லூரி மாணவர்; பிற்காலத்தில் 2001 முதல் 2011 வரை கூகுள் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலராக விளங்கியவர் அவரே. பின்னர் 1987-ஐ ஒட்டி வெர்ன் பாக்ஸன் என்பார் அதனினும் விரைவாகச் செயற்படும் ஃபிளெக்ஸ் என்னும் கருவியை ஆக்கினார். நம் இளைஞர்கள் இன்று பயன்படுத்துவது அதுவே.

இக்கருவிக்கு நாம் கொடுப்பது ஒரு விதிப்பட்டியல். ஒவ்வொரு விதிக்கும் இரு பகுதிகள்: இடப்புறம் ‘இவ்வடிவம் வந்தால்’ என்பது, வலப்புறம் ‘இதனைச் செய்க’ என்பது. பட்டியலைப் படித்த கருவி, சி மொழியில் ஒரு முழு நிரலைத் தானே எழுதித் தருகிறது. இலக்கணம் வகுப்பது நாம். அவ்விலக்கணத்தின்படி படிக்கவல்ல ஒருவனைப் படைத்துத் தருவது கருவி.

நம் மலர்களுக்கு இது பொருந்துமாற்றைக் காண்போம். ‘கொடி’ என்னும் சொல்லைப் பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே தட்டினார்கள்: முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்துக் ககரம், அதன்பின் துணைக்கால். யூனிகோடிலோ ககரம் முன்னே வரவேண்டும். கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறி அதன்பின் வரவேண்டும். ஒற்றைக்கொம்பும் ககரமும் மட்டும் வந்தால் அது ‘கெ’. தொடர்ந்து துணைக்காலும் வந்தால் ‘கொ’. கொம்பையும் ககரத்தையும் கண்ட அளவில் ‘கெ’ என முடிவுகட்டிவிட்டால் பிழையாகும். சொற்பகுப்பியின் முதல் ஒழுக்கம், பொருந்தும் வடிவங்களுள் மிக நீண்டதையே கொள்ளுதல். இரண்டு வடிவங்கள் ஒரே நீளத்தில் பொருந்துமாயின் பட்டியலில் முன்னே நிற்பதைக் கொள்ளும். இவ்விரு நெறிகளுமே நம் கொம்புச் சிக்கலின் பெரும்பகுதியைத் தீர்த்துவிடுகின்றன.

நம் அண்டை வீட்டு இந்தி நண்பர்களுக்கும் இச்சிக்கல் உண்டு. கிருதிதேவ் போன்ற பழைய எழுத்துருக்களில் அவர்தம் இகரக் குறியும் மெய்க்கு முன்னரே தட்டப்பட்டது. விதிப்பட்டியலை மாற்றினால் இதே கருவி அவர்கட்கும் உதவும்.

உள்வாயும் வெளிவாயும்

கருவி ஆக்கித் தரும் சொற்பகுப்பிக்கு இரண்டு வாயில்கள் உள. எழுத்து உள்ளே புகும் வாயிலுக்கு ஒய்ஒய்இன் என்றும், விளைவு வெளியேறும் வாயிலுக்கு ஒய்ஒய்அவுட் என்றும் பெயர். நாம் இனி இவற்றை உள்வாய், வெளிவாய் எனத் தமிழாலேயே குறிப்போம். சொற்பகுப்பியின் உடலுக்குள் எந்தக் கோப்பின் பெயரும் எழுதப்பட்டிலது என்பதே இங்கு கருதத்தக்கது. உள்வாயில் எது வந்து விழுகிறதோ அதனைப் படிக்கும். விளைவை வெளிவாயில் விடும். எங்கிருந்து வந்தது, எங்கே செல்கிறது என்று அது கேட்பதில்லை.

நாம் ஒன்றும் சொல்லாதிருந்தால் உள்வாய் தட்டச்சுப் பலகையை நோக்கியும், வெளிவாய் திரையை நோக்கியும் இருக்கும். சோதித்துப் பார்க்க இஃது ஏற்றது. நூறு பக்க மலரை மாற்றுவதற்கு ஏலாது. ஆதலின் வாயில்களைக் கோப்புகளின்பால் திருப்ப வேண்டும். கழனிக்குப் பாயும் நீரை வாய்க்காலின் மடையில் நின்று வேறு வயலுக்குத் திருப்புதல் போன்ற செயல் இது. இதற்கு இரு வழிகள் உள.

முதல் வழி, நிரலைத் தொடாமல் வெளியே நின்று திருப்புவது. 1969-இல் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய யூனிக்ஸ் அமைப்பு இதற்கு எளிய குறிகளை வழங்கியது. நம் நிரலுக்கு ‘மாற்றி’ என்று பெயரிட்டிருந்தால், ‘மாற்றி < பழையது > புதியது’ என்று ஒரே வரியில் கட்டளையிடலாம். இடப்பக்கம் கூர்முனை கொண்ட குறி உள்வாயைப் பழைய கோப்பின்பால் திருப்புகிறது. வலப்பக்கம் கூர்முனை கொண்டது வெளிவாயைப் புதிய கோப்பின்பால் திருப்புகிறது. இன்றைய விண்டோஸ் கட்டளைத் திரையிலும் இக்குறிகளே வழங்குகின்றன. ஒரு நிரலின் வெளிவாயை மற்றொரு நிரலின் உள்வாயோடு நேரே இணைக்கும் குழாய் முறையும் உண்டு. அதன் கருத்தை 1964-இலேயே டக் மெக்கில்ராய் என்பார் தோட்டத்து நீர்க்குழாயோடு ஒப்பிட்டு எழுதினார். 1973-இல் அது யூனிக்ஸில் செயலுருப் பெற்றது. மடையும் குழாயும் நம் உவமை மட்டுமல்ல என்பதற்காகவே இதனைக் கூறினோம்.

இவ்வழியில் பேரிடர் ஒன்று உண்டு. ‘புதியதற்கு வேறு பெயர் எதற்கு? பழையதன் மேலேயே எழுதிவிடுவோம்’ என்று எண்ணி, இருபுறமும் ஒரே பெயரைக் கொடுப்போர் உளர். அக்கட்டளையை ஏற்ற அமைப்பு, நிரல் ஓடத் தொடங்குமுன்னரே, வெளிவாய்க்குரிய கோப்பைத் திறந்து அதனுள் உள்ளதையெல்லாம் துடைத்து வெறுமையாக்கிவிடும். பின்னர் நிரல் ஓடும்போது படிப்பதற்கு ஓர் எழுத்தும் இராது. பிழைச்செய்தியும் தோன்றாது, வேலை விரைவில் முடிந்ததென்று மகிழவும் கூடும். 2001-ஆம் ஆண்டு மலருக்கு இது நேருமாயின், நம் முதல் தலைவரின் சொற்கள் ஒரு நொடியில் மறைந்துபோகும். ஆகவே மூலத்தின் பெயர் வெளிவாயில் ஒருபோதும் வரலாகாது என்பதை இப்பணியின் முதல் விதியாக நம் இளைஞர் குழு கொண்டுள்ளது. மூலங்களனைத்தையும் படியெடுத்து, எழுதமுடியாதவாறு பூட்டி வைத்த பின்னரே அவர்கள் வேலை தொடங்கினர்.

அரைவை எந்திரமும் எஞ்சிய மாவும்

இரண்டாம் வழி, நிரலின் உள்ளேயே வாயில்களைத் திருப்புவது. மலர் ஒன்றுக்கு ஒரு கோப்பு என்றிருந்தால் முதல் வழியே போதும். ஆனால் வாழ்த்துரைகள் ஒரு கோப்பு, கட்டுரைகள் பல கோப்பு, உறுப்பினர் பட்டியல் ஒரு கோப்பு என்று ஒரே மலர் பல துண்டுகளாய்க் கிடக்கிறது. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஓட்டத்தில் மாற்ற விரும்பினால், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்வாயை ஒரு கோப்பிலிருந்து மற்றொரு கோப்புக்குத் திருப்ப வேண்டும். ‘உள்வாய்க்கு வேறொரு கோப்பைக் காட்டினால் ஆயிற்று, இதில் என்ன கடினம்?’ என்று தோன்றும். கடினம் உண்டு.

நம் காலனிக் கடைத்தெருவில் உள்ள மாவு மில்லை அனைவரும் அறிவோம். முன்னே நின்றவர் கடலைப்பருப்பு அரைக்கிறார். அடுத்து நிற்பவர் கோதுமை கொண்டுவந்துள்ளார். மேல்வாயில் கோதுமையைக் கொட்டியவுடன் கீழே கோதுமை மாவு விழுவதில்லை. எந்திரத்தின் வயிற்றில் எஞ்சிய கடலைமாவே முதலில் விழும். சொற்பகுப்பிக்கும் இத்தகைய வயிறு உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் கோப்பின் கதவைத் தட்டினால் காலம் வீணாகும் என்று, கோப்பிலிருந்து ஒரு பெரும்பிடி அள்ளித் தன் தேக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து சிறிது சிறிதாகப் படிக்கிறது. ஃபிளெக்ஸ் வழக்கமாக ஒருமுறைக்கு 8,192 பைட்டு வரை அள்ளும்.

இப்பொழுது இடரைக் காண்க. 20,000 பைட்டு கொண்ட கோப்பைப் படித்துக்கொண்டிருக்கிறோம். முதற்பிடியாக 8,192 பைட்டு தேக்கத்தில் உள்ளது. நூறாம் பைட்டில் நிற்கும்போது உள்வாயை வேறு கோப்புக்குத் திருப்பினால் என்ன ஆகும்? தேக்கத்தில் எஞ்சிய பழைய கோப்பின் எழுத்துகள் தொடர்ந்து வரும். அவை தீர்ந்தபின் புதிய கோப்பின் தொடக்கம் வரும். பழைய கோப்பில் எஞ்சிய 11,808 பைட்டு படிக்கப்படாமலே போகும். வாழ்த்துரையின் பாதி வாக்கியம் உறுப்பினர் பட்டியலின் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். இடையில் ஒரு பகுதி காணாமற் போனதை எந்திரம் நமக்கு அறிவிக்காது.

ஆதலின் மடைமாற்றும் முன்னர் ஒரு வினாவுக்கு விடை காணவேண்டும்: பழைய கோப்பில் எஞ்சியதை என்ன செய்ய நினைக்கிறோம்? விடைகள் மூன்று, அவற்றிற்கேற்ப முறைகளும் மூன்று.

முதலாவது, பழையதை முற்றும் படித்து முடித்தபின் புதியதற்குச் செல்லுதல். கோப்பு முடிந்தவுடன் சொற்பகுப்பி ஒய்ஒய்ராப் என்னும் ஒரு சிறு செயற்கூற்றை அழைத்து, ‘இன்னும் உண்டோ?’ என்று கேட்கும். அச்செயற்கூற்றை நாமே எழுதலாம். அடுத்த கோப்பை உள்வாய்க்குக் காட்டிச் சுழி என்று விடையிறுத்தால் ‘உண்டு’ எனக் கொண்டு படித்தலைத் தொடரும். ஒன்று என்று விடையிறுத்தால் ‘இல்லை’ எனக் கொண்டு ஓய்ந்துவிடும். இத்தருணத்தில் தேக்கம் வெறுமையாக இருப்பதால் கலப்புக்கு இடமில்லை. நம் மலர்ப்பணிக்கு ஏற்ற முறை இதுவே.

இரண்டாவது, பழையதில் எஞ்சியது வேண்டா எனத் தள்ளிவிட்டுப் புதியதைத் தொடங்குதல். இதற்கு ஒய்ஒய்ரீஸ்டார்ட் என்னும் செயற்கூறு உண்டு. அது தேக்கத்தைக் கொட்டிக் கழுவிவிட்டுப் புதிய கோப்பைத் தொடக்கத்திலிருந்து படிக்கச் செய்யும். தவறான கோப்பைத் தொடங்கிவிட்டோம் என இடையில் தெரியவந்தால் இது பயன்படும்.

மூன்றாவது, பழையதைப் பாதியில் நிறுத்தி வைத்துப் புதியதைப் படித்து, மீண்டும் பழையதில் விட்ட இடத்திற்கே வருதல். மலரின் பொருளடக்கக் கோப்பு ‘இங்கே தலைவர் கட்டுரையைச் சேர்க்க’ என்று சொல்லுமாயின் இம்முறை தேவைப்படும். படித்துக்கொண்டிருக்கும் நூலைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் மற்றொரு நூலை விரித்துப் படித்து, பின்னர் அதனை அகற்றினால் பழைய பக்கம் அப்படியே இருக்குமன்றோ? அவ்வாறே தேக்கத்தின்மேல் தேக்கமாக அடுக்கி எடுக்கும் வசதியை ஃபிளெக்ஸ் தருகிறது.

இம்முறைகளைக் கையாளும்போது மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. தேக்கம் கழுவப்படினும் சொற்பகுப்பியின் மனநிலை கழுவப்படுவதில்லை. நம் மலர்களில் ஒரு கோப்பு ஓர் எழுத்துருவிலும், மற்றொரு கோப்பு வேறோர் எழுத்துருவிலும் உள்ளன. ஆதலின், ‘இப்பொழுது முதல் எழுத்துருவின் விதிகள், இப்பொழுது இரண்டாம் எழுத்துருவின் விதிகள்’ என நிலைகளை வகுத்துள்ளோம். ஒரு கோப்பு இரண்டாம் நிலையில் முடிந்தால், அடுத்த கோப்பும் அதே நிலையிலேயே படிக்கப்படும்; ஒய்ஒய்ரீஸ்டார்ட் அதனை மாற்றாது. ககரமெல்லாம் மகரமாகிப் பக்கங்கள் பாழாகும். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் நிலையை நாமே உரைத்தல் வேண்டும்.

வெளிவாயின் ஒழுக்கம்

உள்வாயைப் பற்றி இத்துணை கூறினோம். வெளிவாய் அதனினும் எளியது. எனினும் அதற்கும் ஒழுக்கம் உண்டு. அதனை எந்நேரத்திலும் வேறு கோப்புக்குத் திருப்பலாம். சொற்பகுப்பியின் தேக்கத்தோடு அதற்குத் தொடர்பில்லை. ஆனால் விதிகளின் வலப்புறத்தில் ‘அச்சிடுக’ என்று பொதுவாக எழுதினால் அது திரைக்கே செல்லும். ‘வெளிவாயில் அச்சிடுக’ என்று குறித்து எழுதினால்தான் திருப்பிய கோப்புக்குச் செல்லும். சில விதிகளை ஒருவாறும் சில விதிகளை மற்றொருவாறும் எழுதினால் பாதிக் கட்டுரை கோப்பிலும் பாதித் திரையிலுமாகச் சிதறும். திரையை நோக்கியிருந்தவரை இரண்டும் ஓரிடத்திலேயே விழுந்தமையால் இக்குறை கண்ணுக்குப் படாது. திருப்பிய பின்னரே வெளிப்படும்.

விதி எதற்கும் பொருந்தாத குறி வந்தால் சொற்பகுப்பி அதனை அப்படியே வெளிவாயில் விட்டுவிடும் இயல்புடையது. நமக்கு இஃது ஆகாது. தெரியாத குறி தெரியாமலே தமிழுரையில் கலந்துவிடும். ஆதலின் பட்டியலின் இறுதியில், ‘வேறு எது வந்தாலும்’ என்றொரு விதி அமைத்து, அதனை மற்றொரு கோப்புக்குத் திருப்பியுள்ளோம். அதற்கு ‘ஐயக் கோப்பு’ என்று பெயர். அதில் ஐயத்திற்குரிய குறி, அது வந்த கோப்பு, வரி எண் ஆகியவை பதியப்படும்.

ஐயக் கோப்புக்குச் செல்லும் மற்றொரு வகையும் உண்டு. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பகுதிக்கு ளகரத்தையே தட்டியவர் பலர். ‘வௌவால்’ என்பதைக் கொம்பு, வகரம், ளகரம் எனத் தொடங்கினார்கள். ‘வெளி’ என்னும் சொல்லும் அதே கொம்பு, வகரம், ளகரம் என்றே தொடங்குகிறது. மிக நீண்டதைக் கொள்க என்னும் நெறி இங்கு நம்மைக் கைவிடுகிறது; ‘வெளி’யும் ஔகாரமாகிச் சிதைந்துபோகும். ளகரத்தையடுத்து உயிர்க்குறி வந்தால் அது மெய்யான ளகரமே என்று விதி அமைத்துப் பெரும்பாலானவற்றைத் தீர்க்கலாம். எஞ்சியவற்றை எந்திரம் தீர்க்க இயலாது. தமிழ் படித்த கண்ணே தீர்க்கவேண்டும்.

இறுதியாக, வேலை முடிந்தபின் வெளிவாயை முறையாக மூடுதல் வேண்டும். எழுதப்படுவதும் உடனுக்குடன் தட்டில் பதிவதில்லை. அதற்கும் இடையில் ஒரு தேக்கம் உண்டு. நிரல் இயல்பாக முடிந்தால் அது தானே வடியும். மின்சாரம் தடைப்பட்டோ நிரல் இடிந்தோ போனால் இறுதிப் பகுதி பதியாமலே போகும். நம் காலனியின் கோடைக்கால மின்தடைகளை எண்ணினால், ஒவ்வொரு கட்டுரை முடிவிலும் மூடித் திறப்பதே அறிவுடைமை.

நாம் வேண்டுவன

அன்பர்களே! இக்கருவியின் சிறப்பு யாதெனில், அது தன் வாயில்களைத் தானே கட்டிவைத்துக்கொள்ளாமையே. 1975-இல் அதனை ஆக்கியோர் நம் மலரை அறியார். பழைய தமிழ் எழுத்துருக்களை அறியார். எனினும் எங்கிருந்தும் படிக்கலாம், எங்கும் எழுதலாம் என்று வாயில்களைத் திறந்து விட்டமையால், அவ்வழியில் வந்த கருவி இன்று நம் முதல் தலைவரின் சொற்களை மீட்க உதவுகிறது. பிறந்த ஊரின் ஆற்றைவிட்டு இவ்வூர்க் குழாய்நீருக்கு மாறிய நமக்கு மடைமாற்றம் புதிதன்று. பழையதில் எஞ்சியதைத் தள்ளாமலும், புதியதோடு கலங்கவிடாமலும் மாற்றுவதே அருமை.

அப்பணிக்குச் சங்க உறுப்பினரிடம் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, உங்கள் இல்லங்களில் பழைய பிளாப்பித் தட்டோ குறுந்தட்டோ, பழைய மலரின் அச்சுப்படியோ இருக்குமாயின் சங்கத்திடம் ஒப்படையுங்கள். படியெடுத்துத் திருப்பித் தருவோம். 2001-ஆம் ஆண்டு மலரின் ஒரு கிழிந்த பக்கம் கிடைப்பினும், மாற்றிய உரையை அதனோடு ஒப்புநோக்கி விதிகளைச் செப்பம் செய்ய உதவும். இரண்டாவது, பழைய கோப்புகளை ‘இனி எதற்கு?’ என்று அழித்துவிடாதீர்கள். மாற்றியது செம்மையாக அமைந்தபின்னும் மூலம் மூலமே. நாளை ஒரு விதியில் பிழை காணின் மீண்டும் மூலத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பெரியோர்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள். ஐயக் கோப்பு நாள்தோறும் நீண்டு வருகிறது. இக்காலனியில் பிறந்து இந்தியிலும் ஆங்கிலத்திலும் பயின்ற நம் இளைஞர்கள் விதிகளை எழுதவல்லர். ஆனால் ஒரு வரியில் நிற்பது வௌவாலின் ஔகாரமா, வெளியின் ளகரமா என்னும் ஐயம் எழுந்தால் தயங்குகின்றனர். முதல் தலைவர் கட்டுரையில் வரும் குடும்பப் பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் அவர்கள் கேட்டதேயில்லை. நீங்கள் அப்பெயருடையாரோடு வாழ்ந்தவர்கள். ஞாயிறுதோறும் மாலை சங்க அறையில் ஐயக் கோப்பின் தாள்களை அச்சிட்டு வைக்கிறோம். ஒரு மணி நேரம் வந்திருந்து, எது சரியென்று பேனாவால் குறித்துக் கொடுங்கள். அருகில் ஓர் இளைஞர் அமர்ந்து அதனைக் கணிப்பொறியில் ஏற்றுவார். குறிக்கும்போது, ‘இவர்தாம் இன்னார்’ என்று அவருக்கு இரண்டு சொல் சொல்லியும் வையுங்கள்.

அடுத்த ஆண்டுவிழாவிற்குள் 2001-ஆம் ஆண்டு மலரை மீண்டும் அச்சேற்றி உங்கள் கைகளில் தரவேண்டும் என்பது நம் விருப்பம். அவ்விருப்பம் நிறைவேற உங்கள் ஒத்துழைப்பை வேண்டுகின்றோம்.